அப்பா காவலுக்கு உட்கார்ந்த கதை

நாங்கள் அடுகோடியில் இருந்தபோது வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. தம்பி பத்தாம் வகுப்பு. படிப்புக்கு என்றுதான் கேட்டான், அப்பாவும் நம்பினார். மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் அவன் நேராகப் போனது சாட் ரூமுக்கு. ஸ்கூல் விட்டு வந்தால் யூனிஃபார்ம்கூட மாற்றமாட்டான். சாப்பாட்டுத் தட்டு அவனைத் தேடிப் போகும். போன் லைனிலேயே இன்டர்நெட் என்பதால் போன் எந்நேரமும் எங்கேஜ். நீலசந்திராவிலிருந்து பெரியம்மா ஆட்டோ பிடித்து வந்து, "யாருக்கு என்ன ஆச்சோன்னு பயந்துட்டேன்டி" என்று அம்மாவிடம் மூச்சு வாங்கினாள்.

அன்றே அப்பா முடிவெடுத்தார். "இனிமே நான் பக்கத்துல உட்காருவேன். நீ யாரோட பேசுறேன்னு நானும் பாக்கணும்."

சில நாள் போலீஸ்காரர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கனடாவிலிருந்த யாரோ ஒரு தமிழர், தான் வைக்கிற சாம்பார் கசக்கிறது என்று எழுதியதும் அப்பாவுக்குக் கை பரபரத்தது.

"வெந்தயம் கருகியிருக்கும்னு போடுடா."

வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன். தம்பி எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதைப் பொறுக்காமல், "தள்ளு" என்றார். ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர், விரல்கள் பறந்தன.

அதற்கப்புறம் நாற்காலி தம்பிக்குக் கிடைக்கவில்லை.

"அப்பா, டெஸ்டுக்குப் பாக்கணும், எந்திரிங்க."

"புஸ்தகத்துல பாரு."

காபி ஆறியது. ஆபீஸ் பெர்மிஷன்கள் கூடின. அம்மாவுக்குக் கோபம் முற்றினால் ஊர்ப் பாஷையான கன்னடம்தான் வரும். ஒரு சனிக்கிழமை, "சாக்கு, சாக்கு! போதும், ரெண்டு பேரும்!" என்று போன் வயரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அப்பாவும் மகனும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி தரையைப் பார்த்தபடி, "எனக்குக் கணக்கு சுத்தமா புரியலப்பா" என்றான்.

"எப்போலேர்ந்து?"

"ஜூன்லேர்ந்து. சாட்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

அப்பா முகம் சுண்டிப்போனது. "ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதா?"

"நீங்க திட்டுவீங்க. அவங்க திட்டல."

அப்பா எழுந்துபோய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்தார். அம்மா திரும்பியபோது இருவரும் ஒரே கணக்குக்கு இரண்டு விடை வைத்துக்கொண்டு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்டர்நெட் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றாயிற்று. மார்ச்சில் தம்பி கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸானான். அப்பா தெருவெல்லாம் ஸ்வீட் கொடுத்தார். மார்க் கேட்டவர்களிடம் மட்டும், "முதல்ல ஸ்வீட்டச் சாப்பிடுங்க" என்றார்.