சுவரில் இரண்டு கோடு

பல்கலைக்கழகத்து ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, உள்ளே ஒரே சிரிப்பும் கோப்பையுமாகப் படங்கள். என் கணவருக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி: "இறுதிப் போட்டிக்கு முன்பு காரணம் சொல்லாமல் அணியை விட்டு விலகினார்." அந்த மனுஷனைப் பற்றி முழுசாக எழுத அவர்களுக்கு மனசு வரவில்லை. சரி, நான் சொல்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வார்த்தை முன்னே பின்னே விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அணி ஆரம்பித்தது வேதியியல் கூடத்துக்குப் பின்னால், வெடித்துப்போன சிமெண்டுத் தரையில். உடை மாற்றிக்கொள்ள இடம் கிடையாது, உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்த அறைதான். எதிரணிக்காரர்கள் இவர்களோடு ஆட வரும்போது நல்ல ஆட்டக்காரர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வருவார்களாம். அப்படியும் இவர்கள் தோற்றார்கள்.

பிறகு புதிதாக ஒரு கோச் வந்தார். இளைஞர், துடிப்பானவர், கழுத்தில் விசிலோடு தூங்குகிற ஜாதி. வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரு சுவருக்கு வெள்ளையடித்தது. அணியில் சேர வருகிறவன் அந்தச் சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் விரிக்க வேண்டும். விரல் நுனி படுகிற இடத்தில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. உயரத்தைவிடக் கை விரிப்பு அதிகமாக இருந்தால் அவன் கூடைப்பந்துக்கென்றே பிறந்தவன் என்பது அவர் கணக்கு.

என் கணவர் அப்போது கல்லூரிக்குப் புதுசு. நூலக அட்டைக்கு வரிசையில் நின்றவரைக் கோச் பார்த்துக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாராம். சுவரில் நிறுத்தினால், உயரத்தைத் தாண்டி ஒரு சாண் கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கோச் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு அந்தக் கோடுகளைக் காட்டினார். பையன்கள் அன்றைக்கே "ஒட்டடைக் குச்சி" என்று பேர் வைத்துவிட்டார்கள். இவருக்கு அந்தப் பேரில் ஒரே சந்தோஷம். அதுவரை கூன் போட்டு நடந்தவர், அன்றுதான் முதன்முதலாக நிமிர்ந்து நடந்தேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் ஜெயிக்க ஆரம்பித்தவர்கள்தான். இவர் கையைத் தூக்கினால் பலகையில் பட்டுத் திரும்புகிற பந்து தானாக வந்து உட்காரும். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அடுத்த வருஷம் இறுதிப் போட்டிவரை போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இவருக்குப் பந்து இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கண் டாக்டர் பார்த்தார். விழிக்குள் இருக்கும் லென்ஸ் இடம் மாறியிருக்கிறது என்றார். கையை நீட்டச் சொன்னார், விரல்களைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொல்லிக் குழி விழுந்த நெஞ்சைப் பார்த்தார். உடனே இதய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பிவிட்டார். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள்: "உடம்பை இழுத்துப் பிடிச்சு வைக்கிற நாரே உனக்குத் தளர்வா இருக்குப்பா. உன் கையை இவ்வளவு நீளமாக்கினதும் அதுதான், நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாயை வீங்க வெச்சிருக்கிறதும் அதுதான். இனிமே ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. குழாய் கிழிஞ்சா யாராலயும் காப்பாத்த முடியாது."

கோச் கோடு போட்டுக் கொண்டாடினாரே, அது வரம் இல்லை, வியாதி. இவருடைய அப்பாவும் நெட்டையாக இருந்து, சின்ன வயசில் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் சாய்ந்து உயிரை விட்டவர். ஏன் என்று அன்றைக்குத்தான் இவருக்குப் புரிந்தது.

கோச்சிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன் என்று கிளம்பினார். என் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "குடும்பத்துல வர்ற நோய்னு வெளியில தெரிஞ்சா உன் ரெண்டு தங்கச்சிங்களையும் எவன் கட்டுவான்? பிடிக்கலைன்னு சொல்லிட்டு வா. நோய்ங்கிற பேச்சை எடுத்தே, என்னை நீ உயிரோட பார்க்க மாட்டே."

மாமியாரை நான் திட்டுவதில்லை. தாலி இழந்து, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு இருந்தவர், பயந்தார். ஆனால் வயிறு எரியத்தான் செய்கிறது.

இவர் போய், "எனக்கு ஆட விருப்பம் இல்லை சார்," என்றார். கோச் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அணி இறுதிப் போட்டியில் படுதோல்வி. இவருடைய காலணிகளைக் கூரைமேல் வீசினார்கள். ஒட்டடைக் குச்சி என்ற பேர் போய் "ஓடுகாலி" என்ற பேர் வந்தது. வகுப்புக்குள் நுழைந்தால் யாராவது ஒருவன் ஓடுகிற மாதிரி காலைத் தட்டுவானாம். படிப்பையும் பாதியில் விட்டுவிட்டார்.

கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம், எதையும் தூக்க வேண்டாம். அதே கடையில் கல்லாவில் இருந்தவள் நான். மேல் தட்டில் இருக்கிற பெட்டியை ஸ்டூல் போடாமல் எடுத்துக் கொடுப்பார், எனக்கு அது பிடித்துப்போயிற்று. பெண் கேட்பதற்கு முன்னாலேயே என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "என்னைக்கு வேணா போயிடுவேன். யோசிச்சுக்கோ," என்றார். "பஸ் ஏறப் போற நானும் என்னைக்கு வேணா போவேன், பேசாம பெட்டியை இறக்குங்க," என்றேன். அப்படித்தான் எங்கள் கல்யாணம் முடிவானது.

நோய் தொடரக்கூடாது என்று பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. அது இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. அழுததை மட்டும் தனித்தனியாக அழுதோம். பிறகு இவர் நெஞ்சைப் பிளந்து செயற்கைக் குழாய் வைத்தார்கள். கழுத்துக்குக் கீழிருந்து வயிறுவரை ஒரு தழும்பு.

அணி பெரிதாக வளர்ந்தது. கூரை போட்ட அரங்கம், மரத்தரை, அலமாரி நிறையக் கோப்பைகள். கோச் அந்தச் சுவர்க் கணக்கை விடவே இல்லை. கை நீளமானவர்களாகத் தேடித் தேடிப் பிடித்தார். தொலைக்காட்சியில் அதைப் பெருமையாகச் சொல்வார். இவர் எழுந்து போய் அணைத்துவிடுவார். ஆனால் உள்ளூரில் ஆட்டம் நடந்தால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார்.

"ஓடுகாலின்னு சொன்ன இடத்துக்கு எதுக்குங்க போறீங்க?"

"பந்து தரையில படுற சத்தம் கேட்கணும் போல இருக்கும்."

மாமியார் காலமானார். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தைகளும் ஆயிற்று. இனியாவது கோச்சிடம் சொல்லித் தொலையுங்கள் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "விடு, அதுங்க பிள்ளைங்களுக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆகணும். கிளறாதே," என்பார். ஒரு பொய் ரொம்ப நாள் வீட்டிலேயே இருந்துவிட்டால் அதற்கும் ஒரு பாய் தலையணை போட்டு வைத்துவிடுகிறோம்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர் தட்டைத் தொடவில்லை. புதிதாக ஒருவன் ஆடுகிறான், "ஏணி" என்று கூப்பிடுகிறார்கள் என்றார். "என்னையே பார்த்த மாதிரி இருக்கு. அதே விரலு. பனியன் வழியா நெஞ்சுக் குழி தெரியுது. பந்தைப் பார்க்கறப்போ ஒரு கண்ணைச் சுருக்கறான்."

"அப்போ இங்க உட்கார்ந்து என்ன பண்றீங்க? எழுந்திருங்க," என்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் அரங்கத்துக்குப் போனோம். கோச்சுக்குத் தலை நரைத்திருந்தது, விசில் மட்டும் அதே இடத்தில் தொங்கியது. இவர் சொல்லச் சொல்ல, அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"நீ ஓடினது பத்தலையா? இப்ப இவனையும் ஓட வைக்க வந்தியா? செவ்வாய்க்கிழமை அரையிறுதிடா."

இவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். பையன்கள் பந்து தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கோச் அந்தத் தழும்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இதை ஏண்டா அப்பவே சொல்லலை?"

"வீட்டுல சொல்ல விடலை சார். அவனை டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. இன்னைக்கே."

கோச் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அனுப்புறேன். போட்டி முடியட்டும், முதல் வேலையா நானே கூட்டிட்டுப் போறேன். அவனுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே."

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க போட்டி என்னைக்குன்னு பார்த்துத்தான் அவன் நெஞ்சு வெடிக்கணுமா சார்?" என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏணி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சிரித்த முகம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான், மரியாதையாகத்தான் பேசினான்.

"கோப்பை வந்தா கம்பெனி டீம்ல வேலை தர்றதா சொல்லியிருக்காங்க சார். எங்கம்மா ஆஸ்பத்திரியில துணி துவைக்கறாங்க. கை பூரா வெந்து போய்க் கிடக்கு. இந்த ரெண்டு ஆட்டம் மட்டும்தான், அப்புறம் நீங்க சொல்ற எல்லா டெஸ்ட்டும் எடுத்துக்கறேன்."

"ரெண்டு ஆட்டத்துக்கு உயிரை வைக்காதே தம்பி."

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்கதானே அந்த விட்டுட்டுப் போனவரு?" அவன் குத்திக்காட்டவில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். பயப்படுகிறவனுக்கு உதாரணமாக இவரைத்தான் அங்கே வருஷா வருஷம் சொல்லியிருக்கிறார்கள். எழுந்து போய்விட்டான்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை விளையாட்டு அலுவலகத்துக்குப் போய் அதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினோம். அவனைச் சோதித்த டாக்டர் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் ஆயிற்றா என்றார் அவர். சோதிக்கத்தானே கேட்கிறோம் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவன் அம்மாவின் விலாசம் கேட்டோம், கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கடைசி வரிசையில் இவரோடு நானும் உட்கார்ந்திருந்தேன். ஏணி பிரமாதமாக ஆடினான், அதை மறைக்கக்கூடாது. ஆட்டம் முடிகிற நேரத்தில் பலகையில் பட்ட பந்தை எகிறிப் பிடித்தான், இறங்கினான், பந்தை அடுத்தவனிடம் கொடுத்தான். அப்புறம் காலணி நாடாவைக் கட்டப் போகிறவன் மாதிரி மெல்லத் தரையில் உட்கார்ந்தான். கணுக்கால் பிசகிவிட்டது என்று நினைத்து ஒருவன் மருந்துப் பெட்டியோடு ஓடினான். ஏணியின் கை நெஞ்சில் இருந்ததைப் பார்த்தவர் என் கணவர் ஒருவர்தான். படிகளில் தாவி இறங்கி ஓடினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "ஓடாதீங்க, ஓடாதீங்க," என்று கத்திக்கொண்டே நான் பின்னால் போனேன். இவர் போய்ச் சேருவதற்குள் அவன் உதடு வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனோம். குறுகலான சந்து, ஒற்றை அறை. அவனைக் கிடத்தியிருந்த பலகைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. கோச் சுவரோரம் குனிந்து நின்றார், அணி முழுக்க நின்றது. நாம் போய்விடலாம் என்று இவர் கையை இழுத்தேன். அதற்குள் அந்த அம்மா எழுந்து வந்துவிட்டாள். வெந்து வெளுத்த கைகள். அழுது முடித்த முகம்.

"நீங்கதானா அது? வந்து சொன்னீங்கன்னு பசங்க சொன்னாங்க."

"ஆமாம்மா."

"இந்த நோயைப் பத்தி உங்களுக்கு எப்ப தெரியும்?"

சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அவனைப் பார்த்தது சனிக்கிழமைதானே, அதில் பொய் ஒன்றும் இல்லை. கோச் தலை நிமிர்ந்து இவரைப் பார்த்தார். சனிக்கிழமை என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் இவர் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு இருபது வயசு இருக்கறப்பவே தெரியும்மா," என்றார் இவர். "அப்பவே சொல்லியிருந்தா, இவங்க கையை அளந்து ஆள் எடுக்கறதை நிறுத்தியிருப்பாங்க."

அந்த அம்மா இவருடைய நரைத்த தலையைப் பார்த்தாள். உதடு அசைய மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தாள்.

"அப்போ என் மகன் பொறக்கவே இல்லையே," என்றாள்.