சுருஜ் பலியின் காரில் பாடுகிறவன் குரல்

எங்கள் தீவில், தவுவா ஊர் டாக்ஸி ஸ்டாண்டுக்கு நேர் எதிரே நான் ரொட்டிப் பொட்டலம் விற்கிறேன். எட்டாம் நம்பர் வண்டி சுருஜ் பலியுடையது. டாக்ஸிக்கு வருவதற்கு முன் பதினாறு வருஷம் கல் உடைக்கிற மெஷின் ஓட்டினவன். வயது ஐம்பத்திரண்டு. அதிகம் பேசமாட்டான், பாட்டு இல்லாமல் வண்டியும் ஓட்டமாட்டான்.

மே மாதம் ஒரு நாள் வண்டியை என் கடை ஓரமாக நிறுத்தினான்.

"அக்கா, இந்தப் பாட்டக் கொஞ்சம் கேளுங்க. டோலக் கேக்குது, தும்தும்னு அடி கேக்குது. பாடுறவன் எங்க போனான்?"

தலையை உள்ளே விட்டுக் கேட்டேன். உண்மைதான். தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து யாரோ பாடுவதுபோல் இருந்தது. புது செட் வாங்க அவனிடம் காசு இல்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் செய்கிற அபெனிசாவிடம் போகச் சொன்னேன். ஆள் யானை மாதிரி இருப்பான். உட்காருவது மட்டும் ஒரு சின்ன முக்காலியில்.

அபெனிசா இரண்டு பாட்டு கேட்டான். முன்கதவின் உள்பலகையைக் கழற்றினான். தகட்டில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஓட்டைகள்.

"அண்ணே, அடி சத்தத்த விடு. மனுஷக் குரல் அடிக்கும் கீச்சுக்கும் நடுவுல இருக்கு. அந்த நடுவுதான் உன் வண்டியில செத்துக் கிடக்குது. முன்னால வர்ற சத்தத்த, ஓட்ட வழியா வர்ற பின்சத்தம் தின்னுடுது."

கூரை ஒழுகினால் ஒட்டுகிற தார்ப்பட்டையை வாங்கி வரச்சொல்லி ஓட்டைகளை அடைத்தான். ஒரு கதவில் ஸ்பீக்கர் ஒயர் தலைகீழாக மாட்டியிருந்தது. "ரெண்டு கதவும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இழுத்தா குரல் எப்படி வரும்?" என்று மாற்றி மாட்டினான். இடித்து நொறுங்கிய ஒரு காரிலிருந்து பிடுங்கிய இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை டேஷ்போர்டின் இரு மூலையிலும், முழங்காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கும்படி வைத்தான். எல்லாம் சேர்த்து ஐம்பது டாலருக்குள் முடிந்தது.

பள்ளிக்கூட டீச்சர் லிதியா அன்றைக்கு அந்த வண்டியில் போய்விட்டு வந்து, "ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு" என்றாள். நானும் கேட்டேன். அப்படித்தான் இருந்தது.

பலிக்கு மட்டும் திருப்தியில்லை.

"போர்வைக்குள்ள இருந்துதான் பாடுறான்," என்றான். நடுக்குரல் பட்டனை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டான். பயணிகள் முகம் சுளித்தார்கள். "காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு, கொறைங்க" என்று ஒரு கிழவர் கத்தியே விட்டார். ஜூலையில் பலி மூன்று முறை அபெனிசாவிடம் சண்டைக்குப் போனான். மூன்றாம் முறை நானும் பொட்டலம் கொடுக்க அங்கே போயிருந்தேன்.

"பழைய ஸ்பீக்கரத் தலையில கட்டி ஏமாத்திட்ட நீ!"

அபெனிசா கோபப்படவில்லை. போனில் சத்தம் அளக்கிற ஆப்பைத் திறந்து டிரைவர் சீட்டில் வைத்துப் பாட்டைப் போட்டான். "கோடு பாரு அண்ணே. எங்கயும் பள்ளம் இல்ல. போனு பொய் சொல்லுமா?"

பலியின் முகம் கறுத்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அபெனிசா அந்த வண்டி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

வேறு சிலதும் நடந்துகொண்டிருந்தது. பேங்க் போகச் சொன்ன பெண்ணை பலி பார்க்கில் கொண்டுபோய் விட்டான். கேட்டால், "வாய்க்குள்ளயே முணுமுணுத்தா" என்றான். அவன் மனைவி சரோஜ், "எங்கிட்ட பேச்சையே கொறச்சிட்டான் அக்கா. நான் கேட்டா எங்கயோ பாக்குறான். வேற யாராச்சும் இருக்காளோ?" என்று என் கடையில் நின்று அழுதாள். டாக்ஸி லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்று கேட்டு வந்த கடிதத்தை அவன் சீட்டுக்கு அடியில் சொருகி வைத்திருந்தான். கெடு முடிய மூன்று வாரம்.

ஆகஸ்ட் கடைசியில் அபெனிசா தானாகவே பலியிடம் வந்தான். "கதவுல எதுவோ கிறுகிறுங்குதுன்னு பயணிங்க சொல்றாங்களாமே, ரோட்டுல போய்ப் பாக்கலாம் வா."

இருவரும் பா ஊர்ப் பக்கம் போனார்கள். கரும்பு வெட்டு நடக்கிற காலம். உள்சாலையில் இரண்டு பக்கமும் ஆளை மறைக்கிற கரும்பு. கதவு கிறுகிறுப்பதைக் கேட்கவேண்டும் என்று அபெனிசா பாட்டை அணைத்துவிட்டான். கண்ணாடியும் இறங்கியிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு விசில் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, உடனே இன்னொன்று. கரும்பு ரயில் சாலையைத் தாண்டப்போகிறது. எஞ்சின் பின்னால் எங்கேயோ இருந்து தள்ளிக்கொண்டு வர, லோடு ஏற்றிய டிராலிகள் முன்னால் வந்துகொண்டிருந்தன. பலி வேகத்தைக் குறைப்பான் என்று அபெனிசா காத்திருந்தான். பலி குறைக்கவில்லை. கதவில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாவது விசில். வாயில் விசிலும் கையில் சிவப்புக் கொடியுமாக ஓர் ஆள் கரும்பிலிருந்து சாலைக்குள் ஓடிவந்தான்.

"நிறுத்து! நிறுத்துய்யா!" என்று அந்த ஆள் கத்தினான்.

அபெனிசா கைபிரேக்கைப் பிடித்து இழுத்தான். வண்டி பக்கவாட்டில் சறுக்கி, கொடிக்காரனைத் தாண்டி, தண்டவாளத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. கண்ணாடிக்கு முன்னால் கரும்பு டிராலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு கரும்பு நீட்டிக்கொண்டு வந்து பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. கொடிக்காரன் பள்ளத்தில் விழுந்து கிடந்தான். எழுந்து மண்ணைத் தட்டாமலே திட்டினான்.

எல்லாம் கடந்துபோன பிறகு அபெனிசா மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, விசில் கேக்கலையா?"

"எந்த விசில்?"

அபெனிசா தண்டவாளத்தைக் கையால் காட்டினான். பலி அவன் முகத்தையே பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது அபெனிசாதான் ஓட்டினான். என் கடையில் டீ வாங்கினார்கள். பலி குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கல் மெஷின விட்டதுலேர்ந்தே காது கொஞ்சம் மந்தம்தான் அக்கா. வண்டிதான் சரியில்லன்னு நெனச்சேன். வண்டியா இருக்கணும்னு நெனச்சேன்." என் பக்கம் குனிந்து, "சரோஜ்கிட்ட சொல்லாதீங்க. லைசென்ஸ் போச்சுன்னா என்ன பண்ணுவா அவ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு. இன்னிக்கே சொல்லு. அவ உனக்கு இன்னொருத்தி இருக்கான்னு அழுதுட்டிருக்கா, மடையா!"

அதை மட்டும் ஒரே தடவையில் சரியாகக் கேட்டுக்கொண்டான். நான் கத்திய கத்து ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும்.

சரோஜ் அவனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே இருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் வெளியே ஒரு விளக்கு எரிகிறது, அணைகிறது. கீச்சுச் சத்தம் எதற்கும் அவன் விரல் அசையவேயில்லை. "அஞ்சு நிமிஷம் அக்கா, செத்துப் பொழைச்சேன்" என்றாள் என்னிடம். அடிச்சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கிறதாம். பேச்சு தெளிகிற இடமும் அதற்கு மேலேயும்தான் தேய்ந்துபோயிருக்கிறது. திரும்ப வராது என்றார் டாக்டர். காதுக் கருவி மாட்டிக்கொண்டு மறுபடி பரிசோதித்தால் ஒரு வருஷத்துக்குச் சான்று தரலாம், அதுவரை வண்டியைத் தொடக்கூடாது.

ஏழு வாரம் ஆனது. எட்டாம் நம்பரை சரோஜின் அண்ணன் ஓட்டினான். பலி வீட்டில் கோழிக்கூட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டினான். லௌதோகா நகரத்துக்கு வந்த இலவச மருத்துவக் குழுவிடம் ஒருத்தர் பயன்படுத்திய கருவி கிடைத்தது. முதல் நாள் தட்டு வைக்கிற சத்தத்துக்கே துள்ளினானாம்.

சான்று கையில் வந்த அன்று வண்டியை எடுத்து நேராக அந்தக் கொடிக்காரன் வீட்டுக்குப் போனான். அவன் பெயர் மேலி. இங்கே மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற, இடித்துக் கலக்கிக் குடிக்கிற கவா வேரில் ஒரு கட்டை பலி அவன் முன்னால் வைத்து, தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். மேலி வேரைத் தொட்டு எடுத்துக்கொண்டு, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கை தட்டினான். பாயைக் காட்டி உட்காரச் சொன்னான்.

"நான் விசிலத்தான் சரியா ஊதலையோன்னு நெனச்சிட்டிருந்தேன்யா," என்றான் மேலி. "அன்னிலேர்ந்து ஒவ்வொரு வண்டிக்கும் நெஞ்சு அடிக்குது."

இருவரும் கவா கலந்து குடித்தார்கள். கவா தலையை மந்தமாக்கும் என்று பலி அதற்குப் பிறகு அன்று வண்டி ஓட்டவில்லை. சாவியை மேலியிடமே கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தான்.