ஜீனத்தக்காவின் முயல் ஜோடி

ஜீனத்தக்காவுக்கு ஓரிடத்தில் கால் மணி நேரம் இருப்புக்கொள்ளாது. பிழைப்பு என்னவோ உட்கார்ந்து செய்கிற பிழைப்பு. பட்டுச் சேலை முந்தானையில் குஞ்சம் முடிவாள். நாலு முடிச்சு போடுவாள், எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள். இன்னும் நாலு முடிச்சு, வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். பதினேழு வருஷமாக அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு என் தலைதான் வலித்திருக்கிறது.

பிள்ளை இல்லை. அவள் வீட்டுக்காரர் அஹமது பாஷா பாய் ஜரிகை வியாபாரி, வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான். அந்த வீட்டுக்குள் போன வருஷம் இரண்டு முயல் குட்டிகள் வந்தன. ஒரே ஈற்றில் பிறந்தவை. ஆணுக்கு ஷக்கர், பெண்ணுக்கு மிஸ்ரி என்று பெயர் வைத்தாள். சர்க்கரையும் கற்கண்டும். விற்றவன் ஒன்றை மட்டும்தான் நீட்டினானாம்.

"தனியா ஒண்ணு வேணாம்பா, குடுத்தா ரெண்டும் குடு" என்று சண்டை போட்டு வாங்கி வந்தாள்.

"அக்கா, ஆணும் பொண்ணும் ஒண்ணா விட்டா உன் வீட்ல நடக்கக்கூட எடம் இருக்காது" என்றேன். சிரித்தாள். ஆனால் மறுநாளே கால்நடை டாக்டர் துர்காதேவியிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "நாலு மாசத்துல ஆணுக்கு ஆபரேஷன். ஆனா முடிஞ்ச உடனே ஒண்ணா விட்டுடாதீங்க, ஆறு வாரம் வரைக்கும் அவனால குட்டி உண்டாகும். கம்பி வலை போட்டுப் பக்கத்துப் பக்கத்துல வைங்க. ஒண்ணு வாசனை ஒண்ணுக்கு மறக்கக் கூடாது. ஆறு மாசத்துல பொண்ணுக்குப் பண்ணலாம். அன்னிக்கு ரெண்டையும் சேர்த்தே கூட்டினு வாங்கம்மா, ஒரே வாசனையோட போய் ஒரே வாசனையோட வரட்டும்."

ஷக்கருக்கு ஆபரேஷன் ஆனது. அப்பப்பா, அந்த ஆறு வாரம்! கூடத்தில் இரண்டு கூண்டு, நடுவில் கம்பி வலை. அக்கா ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுந்து பார்த்தாள். சேலை விரிக்க இடமில்லாமல் பாய் சுவரோடு சுவராக ஒதுங்கினார். ஆறு வாரம் முடிந்து வலையை எடுத்தபோது இரண்டும் ஒட்டிக்கொண்டு படுத்தன. அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வளையல் என் மணிக்கட்டில் குத்தியது.

அப்புறம் மிஸ்ரியின் முறை. அன்றைக்குக் கூடையில் மிஸ்ரியை மட்டும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"ஷக்கர் எங்கக்கா?"

"பொம்பளைக்கு ஆபரேஷன். ஆம்பளைக்கு அங்க இன்னா வேலை?"

பிரசவ ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட்டாள் மகராசி. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே தவிர, டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அடுத்த கூத்து. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் யாராக இருந்தாலும் அந்த வீட்டில் லோபான், அதான் சாம்பிராணிப் புகை காட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். மிஸ்ரிக்கும் காட்டினாள். தையல் பக்கம் கை படாமல், பன்னீரில் நனைத்த துணியால் காது, முதுகு, கால் எல்லாம் துடைத்தாள். கல்யாண வீட்டு வாசனை. "இப்ப பாரு, ராணி மாதிரி இருக்கா" என்று கூண்டுக்குள் விட்டாள்.

ஷக்கர் ஒரு தடவை மோந்து பார்த்தான். அடுத்த நொடி பாய்ந்தான். ரோமம் பறந்தது. மிஸ்ரி திருப்பிக் கடித்ததில் அவன் காது கிழிந்தது. நான் துண்டை எறிந்து பிரிப்பதற்குள் என் விரலில் ரத்தம். நல்லவேளை, தையல் பிரியவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அவளை அவனுக்கு அடையாளம் தெரியல மஹா. நானே துடைச்சிட்டேன். என் கையாலயே துடைச்சிட்டேன்."

மறுபடியும் வலை, மறுபடியும் இரண்டு கூண்டு. இவன் படுத்த துணியை அவளுக்கு, அவள் படுத்ததை இவனுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டாள். "பொறுமையா இருங்க, மாசக்கணக்குல ஆகலாம்" என்று டாக்டர் போனில் சொன்னார். பொறுமையாம், யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! தையல் பிரித்த பிறகு இரண்டு தடவை சேர்த்து விட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் சண்டை. குஞ்சம் முடிகிறபோது ஒரு கல்யாணச் சேலையின் நூலே சிக்கிப்போனது. கடைசியில் பாய் வாய் திறந்தார்.

"ஒரு கூண்டுதான் வெக்க முடியும் ஜீனத். ரெண்டும் ஒத்துப்போவலன்னா ஒண்ணை நல்ல எடமா பார்த்துக் குடுத்துடு."

நல்ல இடமும் தானாக வந்தது. ஐயம்பேட்டைக்கு அந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஜைனக் குடும்பம், கௌசல்யா அம்மா. வீட்டுச் சேலைக்கெல்லாம் அக்காவிடம்தான் குஞ்சம் போடுவார். எறும்பை மிதித்தாலும் வருத்தப்படுகிற ஜனங்கள். புல்லுக்குப் பஞ்சமில்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அக்காவுக்கு ஆற்றாமை.

ஷக்கரைக் கொடுக்கப் போகிற அன்றைக்கு மிஸ்ரியையும் தூக்கி வந்தாள். ஒரே கூடை, நடுவில் அட்டைத் தடுப்பு. "ஐயம்பேட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் பக்கத்துல இருக்கட்டும் மஹா. அப்புறம் ஏது?" என்றாள். "சரி ஏறு, ஏறு" என்று எரிந்து விழுந்தேன்.

ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர். பின்னால் ஒரு லாரி காதருகே ஹாரன் அடித்தது, ஆட்டோ பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கூடையும் துள்ளியது. உள்ளே பார்த்தால் அட்டை சாய்ந்து கிடக்கிறது.

"ஐயோ அக்கா, பிரி பிரி!"

அவள் கூடைக்குள் கையை விட்டாள். விட்ட கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஷக்கர் தலையை மிஸ்ரியின் தாடைக்குக் கீழே செருகியிருந்தான். பள்ளம் பள்ளமாக ஆட்டோ போக, இன்னும் நெருங்கின. கொஞ்ச நேரத்தில் மிஸ்ரி அவனுடைய கிழிந்த காதை நக்க ஆரம்பித்தாள்.

ஐயம்பேட்டையில் கௌசல்யா அம்மா அறுகம்புல் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுல எதும்மா எனக்கு?"

அக்கா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். பிறகு பேசினாள். பதினேழு வருஷத்தில் என்னிடம் ஒரு தடவை கூடச் சொல்லாததை, பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னாள்.

"எட்டு வயசுல என்னைக் கொண்டுபோய் ஆற்காட்டுல பெரியம்மா வீட்ல விட்டாங்கம்மா. நல்ல எடம்தான், சோறு துணி எதுக்கும் கொறையில்ல. நானும் என் தங்கச்சி நபீசாவும் அதுவரைக்கும் ஒரே தட்டுல தின்னவங்க. நாலு வருஷம் கழிச்சு வந்து கதவத் தட்டினேன். அவதான் தொறந்தா. 'யார் வேணும்?'னு கேட்டா. இன்னி வரைக்கும் என்கிட்ட வாங்க, உக்காருங்கன்னுதான் பேசினுக்கிறா."

கௌசல்யா அம்மா கூடையை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போனா திரும்ப அடிச்சிக்கும்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அடிச்சிக்கினா பிரிச்சி வை. ஆறினதும் சேர்த்து வை. திரும்பவும் அடிச்சிக்கினா திரும்பவும் சேர்த்து வை. கூடப் பொறந்ததுங்களைப் பிரிச்சி எடுத்த பாவம் எனக்கு வேணாம்மா."

புல்லை இரண்டாகப் பிரிக்காமல் கட்டோடு கூடைக்குள் வைத்தார். எதிர்ப்பக்கம் காஞ்சிபுரம் போகிற ஆட்டோவை அவரே கை காட்டி நிறுத்தினார்.