ஜீயபுரம் சேற்றுக்கு அக்கா வாங்கிய டயர்

ஜீயபுரத்து வாழைத்தோட்டப் பாதையில் குத்தவைத்து உட்கார்ந்து, சேற்றில் பதிந்த டயர் தடங்களை அக்கா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது எழுபதுகளின் கடைசியில். அவள் மாட்டு டாக்டர். அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் பேண்ட் சட்டையோடு திருச்சியிலிருந்து கிளம்புவாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அதைப் பற்றி நாலு பேர் முணுமுணுப்பார்கள். அதெல்லாம் அவள் காதில் ஏறாது.

ஏறியது அவளுடைய அதிகாரி சொன்னதுதான். முந்தின வாரம் அதே பாதையில் வண்டி வழுக்கி விழுந்து, முழங்கைச் சிராய்ப்போடு அவர் முன்னால் போய் நின்றாள். "இந்தக் கிராமத்து அலைச்சலெல்லாம் உங்களுக்கு வேணாம்மா. ஆபீஸ்லயே உக்காந்துடுங்க, ஆர்டர் போட்டுடறேன்" என்றார். நல்ல மனுஷர், அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகம். மழைக்காலம் முடியும்வரை கெஞ்சி அவகாசம் வாங்கினாள். இன்னொரு முறை விழுந்தால் மேசைதான் கதி.

டயர் கடைக்கு நானும் கூடப் போனேன். "ரோட்டுக்கா, சேத்துக்காங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் கடைக்காரர். "காலைல வையம்பட்டி கல்லு, மத்தியானம் ஜீயபுரம் சேறு, நடுவுல தார் ரோடு. வழியில நின்னு டயரை மாத்திக்கிட்டா போவேன்?" என்றாள் அக்கா. கொழுக்கட்டை கொழுக்கட்டையாகப் பட்டன் வைத்த டயரைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். "அது நனைஞ்ச தார்ல பிடிக்காதுடா. ஸ்ரீரங்கம் போறப்ப காவேரிப் பாலத்துலயே படுக்கப் போட்டுடும்" என்று என் ஆசையில் மண்ணைப் போட்டாள்.

அப்புறம்தான் அந்தத் தடம் பார்க்கிற வேலை. வார் மாதிரி வழவழவென்று கிடந்தால் பட்டன் இடுக்கில் களிமண் அடைத்துக்கொண்ட டயர். கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தால் மண்ணை உதறிவிட்ட டயர். அப்படி ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு பால்காரர் வீட்டு வாசலில் நின்றோம். "நான் தப்பு எதுவும் பண்ணலீங்களே" என்று பதறினார் அவர். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் இடைவெளி விட்டும் பட்டன் வைத்த டயர் அது. தார் ரோட்டில் எப்படி, கல்லுக்குத் தாங்குமா என்று அவரைக் குடைந்தெடுத்துவிட்டு, அக்கா கடைக்குப் போய் அதே மாதிரி டயரை வாங்கினாள். இன்று ஷோரூம் பையன்கள் இரண்டுக்கும் ஆகிற டயர் என்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் விளக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஐப்பசி அடைமழையில் ஜீயபுரத்தில் ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது என்று ஆள் வந்தது. எனக்கு அன்று லீவு, பின்னால் ஏறிக்கொண்டேன். கணுக்கால் சேற்றில் வண்டி இரண்டு முறை வாலை ஆட்டியது. நான் மாதாவைக் கூப்பிட்டேன், அக்கா கியரை மாற்றினாள். விழவில்லை.

கொட்டகையில் அவள் கை தோள்வரை மாட்டுக்குள் இருந்தபோது, செருப்பைக் கையில் பிடித்தபடி அதிகாரி வந்து நின்றார். இந்த மழையில் இவள் எப்படிப் போனாள் என்று பார்க்கக் கிளம்பியவர், ஜீப் உள்ளே வராமல் மெயின் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அக்கா திரும்பக்கூட இல்லை. "ஸாரா? வாங்க ஸார். அந்தக் கயித்தைப் பிடிச்சு, நான் சொல்றப்ப இழுங்க" என்றாள். இழுத்தார். கன்று உயிரோடு வந்து விழுந்தது.

ஆர்டர் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வந்த வழியை ஒருமுறை பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "டாக்டர், ஜீப் வரைக்கும் பின்னாடி உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு இடம் இல்லை. சேற்றில் நடந்தே வந்தேன். அவ்வளவு பெருமையோடு நான் எங்கேயும் நடந்ததில்லை.