கண்டெடுத்த பொருட்களின் அலுமாரி

வட்டக்கச்சியில் ஒரு கிறிஸ்தவ ஆரம்பப் பாடசாலையின் வேப்பமரத்தடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் கேட்கிறேன். தண்ணீர் தந்த அதிபர் சிஸ்டர் செபக்கூடத்தையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார். பார்த்துவிட்டு வந்தால் வாசலில் கழற்றிய செருப்பு இல்லை.

"இஞ்ச ஒண்டும் களவு போகாது, ஐயா. பிள்ளையள் கண்டெடுத்திருப்பினம்," என்கிறார் சிஸ்டர் பெருமையாக.

அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி. தேய்ந்த அழிறப்பர்கள், ஒற்றைத் தோடு, யாரோ விழுத்திய பால்பல் ஆகியவற்றுக்கு நடுவே என் செருப்பு இருக்கிறது. பூட்டின் திறப்பு ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமியிடம். நெற்றியில் திருநீறு, முகத்தில் நீதவானின் கடுமை.

"உங்கட எண்டதுக்கு என்ன அடையாளம்?"

"இடது வாரில நீல நூலால தைச்சிருக்கு."

புரட்டிப் பார்க்கிறாள். "சரி. ஆனா எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டிட்டுத்தான் தரலாம்."

நான் சிஸ்டரைப் பார்க்கிறேன். அவர் குரலைத் தாழ்த்துகிறார். "சட்டம் போட்டது நான்தான். போன கிழமை என்ர குடையையும் எடுத்துப் பூட்டினவை. நனைஞ்சுகொண்டுதான் போனனான்."

மணி அடிக்கிறது. முழுப் பள்ளிக்கூடமும் வெயிலில் வரிசையாக நின்று என் செருப்பைப் பார்க்கிறது. யாரும் உரிமை கோரவில்லை. கைதட்டலோடு அதைப் பெற்றுக்கொள்கிறேன்.

திரும்பினால் வேப்பமரத்தடி வெறுமையாக இருக்கிறது. ஆறு பிள்ளைகள் என் மோட்டார்சைக்கிளைக் கீறல் படாமல் அலுவலகத்தை நோக்கித் தள்ளி வருகிறார்கள். சிறுமி அலுமாரியின் மற்றக் கதவையும் திறக்கிறாள்.