ஈரச் சாக்பீஸ் வாசனை

செங்கம் ரோட்டுக் காபிக்கடையின் கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கும்போது எழும் சாக்பீஸ் வாசனை, வாசலில் பூ விற்கும் என்னை, அதே இடத்தில் முன்பிருந்த ஓலைக்கொட்டகைப் பள்ளிக்கு இழுத்துப் போய்விடுகிறது. தெருத் திண்ணையில் எழுத்துக்கூட்டப் பழகியதுமே படிப்பு நிறுத்தப்பட்ட நான், "அண்ணனோட நானும் போறேம்ப்பா" என்றதற்கு, "நீ மேய்க்கிற மாடு இன்னா இங்கிலீஷ்லயா கத்துது? ஒனக்கு எதுக்குடி?" என்றார் அப்பா. அண்ணனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொட்டகையின் மூங்கில் தட்டிக்கு வெளியே நிற்பேன்; உள்ளே பிள்ளைகள் "ஐ ஆம், யூ ஆர், ஹி ஈஸ்" என்று ராகம்போட, தூக்குச்சட்டிச் சூடு விரலைச் சுட்டாலும் நகராமல் நானும் உதடசைப்பேன்.

நேற்று ஒரு வெள்ளைக்காரி பெயர் கேட்டாள். "ஐ ஆம் முனியம்மா" என்றேன், தடுமாறாமல்.

அந்தக் கொட்டகையில் தினமும் எல்லாப் பிள்ளைகளையும் பேர்சொல்லிக் கூப்பிட்டார்கள். என் பேர் மட்டும் வந்ததே இல்லை.