வெளிவராத படத்துக்கு ஒரு மொட்டை

எங்கள் மாமா ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். சொன்னால் உடனே எந்தப் படம் என்று கேட்பார்கள். அங்கேதான் வம்பு. அந்தப் படம் வெளிவரவே இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி துண்டு பக்கம் நின்று வியாபாரம் பார்த்தார். எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு கூட்டம் வந்து கொள்ளிடத்து மணலில் கொள்ளைக்காரர் படம் ஒன்றை எடுக்க ஆரம்பித்தது. பேசி வைத்திருந்த பெண் கைநழுவிப் போன துக்கத்தில் மாமா அப்போது தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போனவரைப் பார்த்த டைரக்டர், அந்தத் தாடியும் உயரமும் போதும் என்று கொள்ளைக்கூட்டத் தலைவனின் கையாளாக்கிவிட்டார். வசனம்கூட உண்டு. "தலைவா, பாலத்துல போலீஸ்!"

போகும்போது டைரக்டர் ஒரே ஒரு கட்டளை போட்டார். அடுத்த ஷெட்யூல் வரைக்கும் முடியில் கத்தி படக்கூடாது. இந்தக் காட்சியில் இருந்த தலை அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் கன்டினியூட்டி. ஒரு மாதத்தில் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒரு தீபாவளி போயிற்று, அடுத்த தீபாவளியும் போயிற்று. தாடி மட்டும் கன்டினியூட்டியை மதிக்காமல் நெஞ்சு வரை வந்துவிட்டது. கடைக்கு வரும் குழந்தைகள் பயந்து அழுததால் முதலாளி மாமாவைப் பின்கட்டுக் குடோனுக்கு மாற்றினார். அம்மா அந்த இங்கிலீஷ் வார்த்தையை ஏதோ வியாதியின் பெயர்போலச் சொல்ல ஆரம்பித்தாள். "அவனுக்கு கன்டினியூட்டிங்க. எந்த நல்லது கெட்டதுக்கும் கூட்டிட்டுப் போக முடியல."

மாமாவுக்கு ரசிகர் மன்றம் ஒன்று இருந்தது. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன்தான் அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று முதலில் சொன்னவர், வேறு யாரும் சேராததால் என்னை உறுப்பினராக்கிக்கொண்டார். படம் வெளியாகும் அன்று சமயபுரத்தில் மொட்டை போடுவதாகவும், அதுவரை தானும் முடியில் கத்தி வைப்பதில்லை என்றும் அண்ணன் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். பஞ்சர் ஒட்டக் குனிந்தால் தாடி தண்ணீர்த் தொட்டியில் நனையும். அவர் கவலைப்பட்டதில்லை. மாமா வேலைக்குக் கிளம்பும்போது எழுந்து நின்று, "அண்ணே, ஏதாவது தகவல்?" என்பார். "வந்துடும்பா, வந்துடும்" என்பார் மாமா. எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். எடமலைப்பட்டி புதூரில் பையனுக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா அவர் தலையைப் பார்த்துவிட்டு, தம்பி சாமியாராகப் போறீங்களா என்று கேட்டு, காபியோடு அனுப்பிவிட்டார். இது முதல் தடவையும் இல்லையாம்.

"உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா. அவரு எடுத்தாத்தான் இவனும் எடுப்பான். என் பிள்ளைக்கு வயசாகுதும்மா."

மாமா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

மறுநாள் காலையில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போய், "கடையைப் பூட்டு, வா" என்றார். டோல்கேட் போய் பஸ் மாறி சமயபுரத்தில் இறங்கினோம். முடி காணிக்கை கொடுக்கும் இடத்தில் மாமா இரண்டு டிக்கெட் வாங்கியதும் அண்ணனின் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, படம் வந்தாத்தானே..."

"மாரியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ உக்காரு."

என்னிடம் சில்லறையைக் கொடுத்து எதிர்க் கடையில் பொரி வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் பொரியோடு வளையலும் பார்த்து, பலூனும் பார்த்துவிட்டுத் திரும்பினால், மழமழவென்று இரண்டு தலைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். மொட்டைத் தலை வேடிக்கையாக இருப்பதால் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். படம் வரப்போகிறது, இல்லாவிட்டால் மாமா மொட்டைக்குச் சம்மதிப்பாரா என்று எனக்குள் ஒரே குதூகலம்.

தெருவும் அப்படித்தான் நினைத்தது. சந்தனம் பூசிய இரண்டு மண்டைகளைப் பார்த்ததும், "எந்தத் தியேட்டருங்க?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். மாமா சிரித்துச் சமாளித்தார். அம்மா மட்டும் எதுவும் கேட்காமல் அவருக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள்.

நான் பொரி வாங்கப் போயிருந்தபோது நடந்ததைப் பல வருஷம் கழித்து, தன் மகளின் காதுகுத்துப் பந்தியில் அண்ணன்தான் சொன்னார். தலையில் தண்ணீர் தெளித்ததும் மாமா மெதுவாக, "படம் நின்னுபோயி ரொம்ப நாளாச்சுப்பா. நீ நம்பிக்கிட்டு இருந்தியேன்னுதான் நான் முடியை எடுக்கல" என்றிருக்கிறார். அதற்கு அண்ணன், "எனக்கும் தெரியும்ண்ணே. தியேட்டர் ஆபரேட்டர் அப்பவே சொல்லிட்டாரு. நீங்க நம்பிக்கிட்டு இருக்கீங்களேன்னுதான் நான் எடுக்கல" என்றாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

அன்றைக்கு இது ஒன்றும் எனக்குத் தெரியாது. புதுப்படம் வெள்ளிக்கிழமைதானே வரும்? அடுத்த வெள்ளிக்கிழமை, வாங்க மாமா, போஸ்டர் பார்க்கலாம் என்று நச்சரித்தேன். மாமா சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துக் காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையச் சுவர்களைச் சுற்றிக் காட்டினார். "இந்த வாரம் இல்ல போலிருக்கு. அடுத்த வாரம் பாப்போம்." அடுத்த வாரமும் போனோம். அவர் தலையில் முடி முளைத்தது. முதலாளி பழையபடி வேட்டிப் பக்கத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கவில்லை.

எனக்குச் சலித்துத்தான் போயிருந்தது. வெயிலில் சுவர் சுவராகப் பார்த்து என்ன கண்டோம்? ஆனாலும் மாமா வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வந்ததும் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பாவம், மாமாவுக்கு இன்னும் ஆசை விடவில்லை, நான் வரமாட்டேன் என்றால் மனம் உடைந்துபோவார் என்று நினைத்து, ஒவ்வொரு வாரமும் நான் பெரிய மனுஷிபோல முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.